வாசல் காது

எனக்கு ஜோசியம் தெரியாது. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். சுரங்கத்தில் என் பெயரே ஜோசியக்காரி. காலையில் லிப்டுக் கூண்டில் இறங்கப் போகிறவர்கள் என் ஜன்னலைத் தட்டி, "என்ன ஜோசியம், இன்னைக்கு ஆடுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். "ஆடும்" என்பேன். இந்தப் பீடபூமியில் பூமி ஆடாத நாள் ஏது? தினமும் நூறு தடவை ஆடுகிறது. அதில் தொண்ணூறு யாருக்கும் தெரியாது. ஏதோ ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீரை அசைக்கும். எப்போதாவது ஒன்று சுவரைப் பிளக்கும்.

என் வேலை அவற்றை எண்ணுவது. அதற்காக ஆறு அதிர்வுமானிகள் வைத்திருக்கிறோம். நாங்கள் அவற்றைக் காது என்போம். ஐந்து காதுகள் கீழே, பாறைக்குள். ஆறாவது வாசல் கேட்டை ஒட்டி, மதில் சுவருக்கு அடியில் ஒரு குழியில். லாரி போய் வருகிற வழியில் கொண்டுபோய்க் காது வைத்த அந்தப் புத்திசாலி யார் என்று இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

கல் உடைப்பதைப் பார்த்தவர்களுக்கு என் கணக்கு உடனே புரியும். பாறையைச் சம்மட்டியால் போட்டால் ஒரு பெரிய துண்டு விழும், பத்துச் சின்னத் துண்டு விழும், நூறு சில்லு தெறிக்கும், அப்புறம் அள்ளி மாளாத தூள். பூமி உடைவதும் அப்படித்தான். நாலு என்ற அளவில் ஓர் அதிர்வு வந்திருந்தால், மூன்றில் பத்து, இரண்டில் நூறு வந்திருக்க வேண்டும். அளவையும் எண்ணிக்கையையும் வரைந்தால் நேர்கோடு விழும். அந்தக் கோடு எத்தனை வரும் என்று சொல்லும். எப்போது வரும் என்று சொல்லாது. அதுவும் தெரிந்தால் நான் ஏன் இந்த ஓட்டை நாற்காலியில் உட்கார்ந்திருக்கப் போகிறேன்?

ஊரில் வேறு கணக்கு. சின்னது அடிக்கடி வந்தால் சூடு தணிந்துவிடும், பெரியது வராது என்பார்கள். அப்படி இல்லை, சின்னது கூடினால் பெரியதும் கூடத்தான் செய்யும் என்று சொன்னால் என்னைத்தான் முறைப்பார்கள். அதிகமாக முறைப்பவள் என் நாத்தனார்.

என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சுரங்கத்துக் கிரஷரில், கல் நொறுக்கும் மெஷினில் வேலை. அங்கே எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள், அவர்களையே காதைப் பொத்த வைக்கும் தொண்டை இவளுக்கு. அதனால் ஊர் வைத்த பெயர் சங்கு. ஷிப்டுச் சங்கு கெட்டுப்போனால் கவலை இல்லை, இவளை மேடையில் ஏற்றிவிடலாம் என்பார்கள். கிரஷர் ஓடும்போது இவள் குரலும் எடுபடாது. அப்போது கம்பியால் இரும்புத் தகட்டில் அடித்துப் பேசிக்கொள்வார்கள். ஒரு அடி என்றால் கல்லைக் கொட்டு. மூன்று அடி என்றால் மெஷினை நிறுத்து. மூன்று அடி கேட்டால் கிரஷர் ஆட்கள் சோற்றுக் கையோடு கூட அப்படியே நின்றுவிடுவார்கள். விரல் போனவர்களைப் பார்த்தவர்கள் அல்லவா.

தாயும் தகப்பனும் இல்லாமல் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். வாயைத் திறந்தால் 'என் தம்பி' இல்லாமல் பேச்சே வராது. அவர் எனக்குப் புருஷன் ஆனது அவளைப் பொறுத்தவரை ஒரு தற்காலிக ஏற்பாடு. என் வேலையைப் பற்றிக் கேட்டால், "பூமி ஆடுறத எண்ணுறதுக்கு ஒரு சம்பளமா? ஆடாம நிறுத்துனா சொல்லு, நானே தர்றேன்" என்பாள். அவள் சொல்லிச் சிரிப்பாள், என் கணவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு ஆறிப்போய்த்தான் கிடைக்கும்.

அந்தப் பெரிய அதிர்வு முற்பகலில் வந்தது. ஷிப்டு மாறுகிற நேரம். முதலில் சத்தம்தான், கீழே யாரோ லாரி லாரியாகக் கல் கொட்டுவது மாதிரி. எழுந்து நிற்பதற்குள் தரை என் காலைத் தட்டிவிட்டது. அலமாரி முன்னால் சாய்ந்து நாற்காலி மேல் விழுந்தது. ஒரு நொடி முன்பு அந்த நாற்காலியில் நான் இருந்தேன். கூரைத் தகடுகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சரிந்தன. மேஜைக்கு அடியில் புகுந்து அதன் காலைக் கட்டிக்கொண்டேன். மேஜையும் என்னை இழுத்துக்கொண்டே அறை முழுவதும் ஓடியது. வெளியே ஒருவன் விட்டுவிட்டுக் கத்தினான், அப்புறம் கத்தவில்லை.

நின்றதும் வெளியே வந்தேன். கிரஷர் கொட்டகை உட்கார்ந்துவிட்டது. அதற்குள் இருந்து இரண்டு பேரை இழுத்துப்போட்டுச் சாக்கால் மூடினார்கள். ஒருவனுடைய செருப்புக் கால் சாக்குக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தது. யாரோ அதையும் உள்ளே தள்ளினார்கள். வாட்ச்மேனின் தோள் எலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது, அவன் அதைப் பார்க்காமல் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

ஷிப்டு மாறுகிற நேரம் என்பதால் அநேகமாக எல்லோரும் மேலே இருந்தார்கள். கீழே நாலு பேர். பம்பு அறையில். அதில் ஒருவர் என் கணவர், பம்பு மெக்கானிக். கீழேயிருந்து ஒரே ஒரு தடவை என் அறைக்குப் போன் வந்தது, பேசியது அவர்தான்.

"நாலு பேரும் உசுரோட இருக்கோம். என் கால் மேல பைப்பு கிடக்கு. பம்பு நின்னுடுச்சு, தண்ணி ஏறுது" என்றார். "எவ்வளவு ஏறியிருக்கு?" என்றேன். "முட்டி" என்றார். அதற்கு மேல் லைனில் சத்தம் இல்லை.

இனி நான் சொல்லப்போவதற்கு ஒரு விதி தெரிய வேண்டும். கூண்டு வாயில் ஒரு விளக்கு இருக்கிறது. அதன் சுவிட்சு என் அறையில். பெரிய அதிர்வுக்குப் பிறகு நான் பச்சை போடாமல் கூண்டு இறங்காது. பின்னதிர்வுகள் குறைய வேண்டும், கோடு நேராக வர வேண்டும், அப்புறம்தான் பச்சை. முன்பு ஒரு தடவை அவசரப்பட்டு மீட்க இறங்கியவர்கள் மீட்கப்பட வேண்டியவர்களோடு சேர்ந்தே புதைந்தார்கள். அதற்குப் பின் வந்த விதி.

மேலாளர் நகரத்தில் இருந்தார், பாலம் உடைந்துவிட்டது. அறையில் நான் ஒருத்தி. பேட்டரியில் என் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கீழே இருந்த ஐந்து காதுகளும் செத்துவிட்டன, கேபிள் அறுந்திருக்கும். மிச்சம் வாசல் காது ஒன்றுதான். அதை வைத்து எண்ணினேன். மெஷின் கொடுத்த எண்ணிக்கையை மறுபடி மறுபடி பார்த்தேன். நாலில் இரண்டு வந்திருந்தது. மூன்றில் பதினேழு. சரி. இரண்டில் இருநூறுக்குப் பக்கமாக இருக்க வேண்டிய இடத்தில் முப்பது கூட இல்லை.

தூள் இல்லாமல் கல் உடையுமா? சின்னது வராமல் பெரியது மட்டும் வருகிறது என்றால் பாறை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். இன்னும் பெரியது ஒன்று பாக்கி இருக்கிறது. நான் படித்தது அதைத்தான் சொன்னது. சுவிட்சிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தண்ணீர் இந்நேரம் இடுப்பா, மார்பா என்று என் மனசு வேறு ஒரு பக்கம் எண்ணிக்கொண்டிருந்தது.

கேட்டுக்கு வெளியே ஊரே திரண்டுவிட்டது. லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன, ஏற்றிப்போக, தோண்ட, எதற்கென்று தெரியாமலே வந்தவை. ஜனங்கள் இரும்பு கேட்டைப் பிடித்து உலுக்கினார்கள். கல் வந்து என் ஜன்னலில் விழுந்தது. அடுத்த கல் கண்ணாடியோடு உள்ளே வந்தது. வாட்ச்மேனைத் தள்ளிவிட்டுக் கேட்டைச் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். முன்னால் அண்ணி. கையில் கிரஷர் கம்பி. நெற்றியில் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது, கொட்டகைக்குள்ளிருந்து அவளாகவே வெளியே வந்திருக்கிறாள்.

"பச்சை போடு."

"முடியாது அண்ணி."

"என் தம்பிடி உள்ள இருக்கிறது."

"என் புருஷனும் அவர்தான். இப்ப ஆளை இறக்குனா இறங்கறவங்களும் சாவாங்க. இன்னும் பெரிசு ஒண்ணு பாக்கி இருக்கு."

"யார் சொன்னா?"

"கணக்கு."

அறைந்தாள். அறை என்றால் அறை, ஒரு பக்கக் காது அடைத்துப்போனது. நான் சுவிட்சை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். அவள் என் முடியைக் கொத்தாகப் பிடித்து மேஜையில் மோதினாள். உதடு கிழிந்து வாய் முழுக்க உப்புக் கரித்தது. அடுத்த மோதலுக்கு முன்னால் அவள் மணிக்கட்டு என் வாய்க்கு நேரே வந்தது. கடித்தேன். எலும்பு பல்லில் படும்வரை கடித்தேன். அவள் விடவில்லை, நானும் விடவில்லை. அறை வாசலில் நின்ற கும்பல், "விடாத சங்கு, போட்டுத் தள்ளு" என்று தரையை மிதித்துக்கொண்டு கத்தியது. எட்டு வருஷமாக இரண்டு பேரும் உள்ளே வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டது.

அவள் என் தலையைத் திருகிப் பிடித்திருந்த பக்கத்தில்தான் திரை இருந்தது. எண்ணிக்கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் கோட்டைப் பார்த்தேன். வாசல் காது கேட்பதை அப்படியே வரைந்துகொண்டு போகும் கோடு. ஒன்றும் நடக்காத நேரத்தில் அது நூல் மாதிரி ஓட வேண்டும். கயிறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கும்பல் மிதிக்கிறபோது இன்னும் தடித்தது.

சனியனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். சின்ன அதிர்வுகள் வராமல் இல்லை. வந்துகொண்டுதான் இருக்கின்றன. லாரியும் கேட்டும் இத்தனை ஜனங்களின் காலும் சேர்ந்து அவற்றை மூடிக்கொண்டிருக்கின்றன. உள்ளே இருப்பவர்களுக்காக இவர்கள் போடுகிற கூச்சல்தான் கூண்டை இறங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

பல்லை எடுத்தேன். "அண்ணி, இவங்க சத்தம். இவங்க சத்தம்தான்."

"என்னடி உளர்றே?"

"எல்லாரையும் வாயை மூடச் சொல்லுங்க. லாரி அத்தனையையும் நிறுத்தணும். ஒருத்தரும் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. கால் மணி நேரம் போதும். சின்னது எத்தனைன்னு எண்ணிட்டேன்னா தெரிஞ்சிடும்."

"அப்புறம் பச்சை போடுவியா?"

"இருக்க வேண்டிய அளவுக்கு இருந்தா போடுவேன். இல்லேன்னா நீங்க என்னைக் கொன்னாலும் போட மாட்டேன்."

என்னைப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. "கொல்லுவேன்" என்றாள். கம்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

சாய்ந்து கிடந்த கேட்டில் மூன்று அடி அடித்தாள். கிரஷர் ஆட்கள் அந்த நொடியே நின்றார்கள். மற்றவர்களுக்குப் புரியவில்லை. "அம்புட்டுப் பேரும் வாயை மூடுங்க. இன்ஜினை நிறுத்து. எவன் கால் அசையுதோ அவன் காலை உடைப்பேன்." ஒரு லாரிக்காரன் கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தான். லாரியின் முன் கண்ணாடியில் கம்பி இறங்கியது. சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். கீழே மாட்டியிருந்த இன்னொருவனின் தாய் அழுதுகொண்டிருந்தாள், நிறுத்த முடியவில்லை. அண்ணி அவள் தலையைத் தன் தோளில் அழுத்தி, வாயைத் தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாளும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே அழுதாள், சத்தமில்லாமல். அப்புறம் அண்ணி மதில் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, ஒவ்வொரு முகமாக முறைத்தாள். இருமல் கூட இல்லை.

திரையில் கயிறு மெலிந்தது. நூலானது. அந்த நூலில் ஒன்று துடித்தது. இன்னொன்று. அப்புறம் இரண்டு அடுத்தடுத்து. தூள். அத்தனையும் தூள். மெஷினை நம்பாமல் விரல் விட்டு எண்ணினேன். கால் மணி நேரத்துக்கு இத்தனை என்றால் மறைந்துபோன நேரத்துக்கு எத்தனை என்று பெருக்கிக் கோட்டை மறுபடி போட்டேன். நேராக வந்தது. பாறை பல்லைக் கடிக்கவில்லை. சாதாரணமாகத்தான் உதிர்ந்துகொண்டிருந்தது, நிமிஷத்துக்கு நிமிஷம் குறைந்துகொண்டும் இருந்தது.

பச்சை போட்டேன்.

இறங்கப் போன மேஸ்திரி என் ஜன்னலுக்கு வந்தார். வயசானவர், என்னை ஒருநாளும் ஜோசியம் என்று கூப்பிடாதவர். "போகலாமாம்மா?" என்றார்.

"போகலாம். ஆனா நாலு அஞ்சுன்னு இன்னும் ஒண்ணு ரெண்டு வரத்தான் செய்யும். இன்னைக்கா, அடுத்த மாசமா, தெரியாது. சீக்கிரம் வந்துடுங்க."

"அது தினமும் உள்ளதுதானே" என்று போய்விட்டார்.

கூண்டு இறங்கியது. அண்ணி இடத்தை விட்டு நகரவில்லை, யாரையும் நகர விடவும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கூண்டு மணி அடித்தது. நாலு தடவை. நாலு பேரும் வருகிறார்கள் என்று அர்த்தம். அவ்வளவுதான், அணை உடைந்தது. ஜனம் மொத்தமும் கூண்டு வாய்க்கு ஓடியது. ஓடாதவள் அண்ணி ஒருத்திதான். முதுகு சுவரிலேயே வழுக்கி அப்படியே கீழே உட்கார்ந்தாள். கம்பியைக் கீழே போட்டுவிட்டு முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. போய்ப் பக்கத்தில் உட்காரலாம் என்று என் அறை வாசல்வரை வந்தேன்.

அப்போது வந்தது ஐந்து என்ற அளவில் ஓர் அதிர்வு. காலையில் வந்ததைவிடச் சின்னது, ஆனால் அந்த மதில் காலையிலேயே உள்ளுக்குள் விட்டுப்போயிருந்தது. முதலில் மேல்வரிசைக் கற்கள் துள்ளின. அண்ணி தலையைத் தூக்கினாள். என்னைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அடுத்த நொடி சுவர் முழு நீளத்துக்கும் மடிந்து அவள் மேல் விழுந்தது. கீழே போனவர்களுக்காக அத்தனை பேரும் பயந்துகொண்டிருந்தோம், பூமி மேலே இருந்தவளைப் பிடித்தது.

பாதி வழியில் ஆடி நின்ற கூண்டு மறுபடி ஏறி மேலே வந்தது. என் கணவரை இரண்டு பேர் தாங்கி வந்தார்கள். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே துணி மூட்டையாக இருந்தது. "கீழ லேசாத்தான் தெரிஞ்சுது. மேல என்ன ஆச்சு?" என்றார். என் கிழிந்த உதட்டைப் பார்த்தார், சுற்றும் முற்றும் பார்த்தார். "அக்கா எங்க? அக்கா சத்தமே காணோமே?"

அப்புறம் அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. தவழ்ந்தே போனார். விரல் நகம் பெயரக் கல்லைப் பெயர்த்தார். லாரிகளுக்குப் பின்னால் நின்ற பொக்லைன் வந்து இடிபாட்டை வாரத் தொடங்கியது. எல்லோரும் கத்தினார்கள், இங்கே என்றார்கள், அங்கே என்றார்கள், மறுபடியும் அதே கூச்சல்.

எனக்குக் குழி ஞாபகம் வந்தது. வாசல் காது அந்தச் சுவருக்கு அடியில்தான் இருக்கிறது. ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். உயிரோடு இருந்தது. கோடு கயிறாகத்தான் இருந்தது. பொக்லைன் வாரியதைக் கொட்டத் திரும்பிச் சற்று நிற்கிற இடைவெளியில் மட்டும் கயிறு கொஞ்சம் மெலியும். அப்படி ஒரு இடைவெளியில் பார்த்தேன். மூன்று துடிப்பு. அளந்து வைத்த மாதிரி சம இடைவெளியில் மூன்று. அடுத்த இடைவெளியில் மறுபடி மூன்று. பூமி அப்படி வராது. இத்தனை வருஷம் எண்ணியிருக்கிறேன், பூமிக்குத் தாளம் கிடையாது.

மூன்று அடி. மெஷினை நிறுத்து.

"நிறுத்துங்க. பொக்லைனை நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டு ஓடினேன். யாருக்குக் கேட்கும்? பொக்லைன் கைக்கு முன்னால் போய் நின்றேன். என் கணவர் முழங்காலில் எழுந்து, "ஓட்டுய்யா, நிறுத்தாத" என்றார். என்னிடம், "தள்ளிப் போடி. என் அக்கா உள்ள இருக்கா" என்றார். "அவங்கதான் நிறுத்தச் சொல்றாங்க" என்றேன். கையில் இருந்த கல்லை என் மேல் விட்டெறிந்தார். தோளில் பட்டது. காலையில் கால் மணி நேரம் நூறு பேர் வாயை அடைத்து இவரை மேலே கொண்டுவந்தோம், இப்போது இவருக்குப் பொறுமை இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. கோபம் வந்தது, அதையும் மறைக்கவில்லை.

அண்ணியின் கம்பி கற்களுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்தது. உருவி எடுத்தேன், வளைந்திருந்தது. பொக்லைன் பக்கெட்டில் மூன்று அடி அடித்தேன். ஓட்டுகிறவன் தினமும் கிரஷருக்குக் கல் கொட்டுகிறவன். மண்டைக்கு எட்டும் முன்பே அவன் கை இன்ஜினை அணைத்துவிட்டது. கிரஷர் ஆட்கள் அப்படியே நின்றார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள்.

அப்போதுதான் மேஸ்திரி பார்த்தார். பக்கெட் நெம்பிக்கொண்டிருந்தது ஒரு நீளப் பலகைக் கல்லின் ஒரு முனையை. மறுமுனை, அவள் இருக்கும் பக்கம், ஒவ்வொரு நெம்பலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியிருந்தது. என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னார். "போய்ப் பாரு. இன்னும் அடிக்கிறாளான்னு பாரு."

கையால் தோண்டினார்கள், கல்லைக் கைமாற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி நடந்து. நான் உடைந்த ஜன்னல் வழியே குரல் கொடுத்தேன். மூன்று துடிக்கும். "இருக்காங்க" என்பேன். மறுபடி மூன்று. "இருக்காங்க." ஒவ்வொரு தடவையும் என் கணவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கல்லை எடுப்பார். அத்தனை ஜனம் இருந்தும் நூல் மாதிரி கோடு. அந்தக் காதிலிருந்து அவ்வளவு சுத்தமான பதிவு எனக்கு அதற்கு முன்னால் கிடைத்ததில்லை.

அப்புறம் இடைவெளி நீண்டது. மூன்றில் ஒன்று பிந்தியது. நான் திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, "அடிங்க அண்ணி, அடிங்க. என்னைத்தான் அடிக்கத் தெரியுமா? அடிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒன்று வந்தது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. இன்னொன்று, சின்னதாக. அதன் பின் ஒன்று, அதைவிடச் சின்னதாக. "இருக்காங்க" என்று கத்தினேன். அதன் பிறகு நூல்தான்.

அவளை வெளியே எடுத்தபோது கையில் ஒரு கல் இருந்தது, உள்ளங்கைக்கு அடங்குகிற கல். விரலைப் பிரிக்க முடியவில்லை. என் கணவர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். மணிக்கட்டில் என் பல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. சுரங்கத்து டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, உயிர் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும் என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அதைச் சரியாகச் சொல்ல முடியாது என்றார். என் தொழிலில் நான் சொல்லும் அதே பதில். அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன், மேஸ்திரிதான் விலக்கினார்.

என் கணவருக்கு ஒரு கால் போயிற்று. வீட்டில் இப்போது கத்திப் பேச ஆள் இல்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார். "கடைசியா வந்த மூணு அடி, அது அக்காதானே?"

"ஆமா" என்றேன்.

எனக்குத் தெரியாது. வந்த ஒவ்வோர் அதிர்வுக்கும் எதிரே பூமி அல்லது மனிதர் என்று நான் குறிக்க வேண்டும். அந்த நாளின் அதிர்வுகள் அத்தனைக்கும் குறித்துவிட்டேன். மதிலைத் தள்ளிய அந்த ஐந்துக்கும் குறித்துவிட்டேன், கோட்டில் அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. கடைசி மூன்று மட்டும் பாக்கி. தாளம் தப்பிய பிறகு தளர்ந்த கைக்கும் உதிர்கிற பாறைக்கும் அந்தக் காதில் வித்தியாசம் தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன், பழைய பதிவுகளோடு வைத்துப் பார்த்துவிட்டேன். மேலாளர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். மூன்று சின்னப் புள்ளி, சேர்த்தாலும் கோடு அசையாது, விட்டாலும் அசையாது, ஏதாவது ஒன்றைப் போட்டு முடியுங்கள் என்கிறார். நான் போடவில்லை. அவர் கேட்டால் கேட்கட்டும்.